துளையில் தொடங்கும் மக்கல்

பழவேற்காட்டில் ஃபைபர் படகு வைத்திருப்பவரிடம் எஞ்சினைப் பற்றிக் கேளுங்கள், ஒரு மணி நேரம் பேசுவார். எந்தக் கம்பெனி, லிட்டருக்கு எவ்வளவு ஓடும், எந்த மெக்கானிக்கிடம் கொடுக்கக் கூடாது என்பது வரை வந்துவிடும். அந்த எஞ்சின் தொங்குகிற பின்பலகையைப் பற்றிக் கேட்டால், "அது ஃபைபர்தானே, அதுக்கென்ன?" என்பார். பாதி உண்மை. வெளியே தெரிவது ஃபைபர். உள்ளே இருப்பது மரம். சில மில்லிமீட்டர் கனமுள்ள இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே, பெரும்பாலும் 18 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டை ஒட்டி வைத்த 36 மில்லிமீட்டர்ப் பலகைதான் டிரான்சம். படகில் மக்கக்கூடிய பொருள் அனேகமாக அது ஒன்றுதான். அதிக அடி வாங்குகிற இடமும் அதுவேதான்.

9.9 குதிரைத்திறன் அவுட்போர்டின் எடை சுமார் 40 கிலோ. எடை இங்கே பெரிய பிரச்சினை இல்லை. புரொப்பெல்லர் நீருக்கடியில் படகை முன்னே தள்ளும்போது எஞ்சின் ஒரு நெம்புகோலாக மாறுகிறது. கீழ்ப்பகுதி பலகையை உள்ளே அழுத்துகிறது, மேலே உள்ள பிடி பலகையை வெளியே இழுக்கிறது. ஒவ்வொரு அலைக்கும் இந்த இழுபறி கூடிக் குறைகிறது. பழவேற்காட்டு முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுக் கிடக்கும் நாட்களில் எஞ்சினின் கால் மணலில் இடித்தால் அந்த அடியும் பலகைக்குத்தான் போகும். முகத்துவாரம் தூர்ந்துபோவது இந்தக் கரையின் பழைய வழக்கு; அதன் செலவுக் கணக்கில் பின்பலகையையும் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். (எஞ்சின் படகுக்குள் உட்கார்ந்து நீண்ட தண்டு மட்டும் பின்னால் போகும் லாங் டெயில் படகுகளின் கதை வேறு. இங்கே பேச்சு பின்பலகையில் தொங்கும் அவுட்போர்டைப் பற்றியது.)

மக்கிய பின்பலகையை என்ன செய்வது என்பதற்குப் புதுவாயல், கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு பதில் உண்டு, பழவேற்காட்டில் ஒரு பதில் உண்டு, வெளிநாட்டுப் படகுப் புத்தகங்களில் மூன்று நான்கு உண்டு. எல்லாமே ஒரு சூழலில் சரி. கேள்வி, நம்முடைய திறந்த ஃபைபர் படகுக்கு, நம்முடைய மழைக்கு, நம்முடைய பணப்பைக்கு எது சரி என்பது. அதற்கு முன் பலகை ஏன் மக்கியது என்று தீர்க்க வேண்டும். காரணத்தைத் தவறாகப் பிடித்துவிட்டு மருந்தைப் பற்றி வாதாடுவதைத்தான் இந்த விஷயத்தில் அதிகம் பார்க்கிறேன்.

உப்புத்தண்ணீர் அரித்துவிட்டது என்பதுதான் வழக்கமான விளக்கம். ஆனால் மரத்தை மக்க வைப்பது பூஞ்சை. அதற்கு ஈரமும் காற்றும் வேண்டும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதனால் வளர முடியாது. உப்பும் அதற்கு ஒத்துக்கொள்ளாது. பழைய மரப்படகுக்காரர்கள் பலகைச் சந்துகளில் உப்பைக் கொட்டி வைத்தது இதனால்தான். மக்கலைக் கொண்டுவருவது நன்னீர், அதாவது மழை. ஐப்பசி, கார்த்திகையில் படகு நாட்கணக்கில் சும்மா கிடக்கும். எஞ்சின் எடையால் பின்பக்கம் தாழ்ந்திருக்கும். பெய்த மழை முழுவதும் பின்பலகையின் அடியில் வந்து தேங்கும். அதே மாதங்களில் ஆரணியாறும் காளங்கியும் சொர்ணமுகியும் பழவேற்காடு ஏரிக்குள் வெள்ளத்தைக் கொட்டுவதால் வெளியே உள்ள தண்ணீரின் உப்பும் குறைந்துபோகும். படகு ஓடாத மாதங்கள்தான் பலகையைத் தின்கிற மாதங்கள்.

தேங்கிய தண்ணீர் ஃபைபர் தோலைக் கடந்து உள்ளே போக வழி எது? துளை. எஞ்சினைப் பிணைக்கும் போல்ட் துளை, தண்ணீர் வடியும் அடைப்பான் துளை, கயிறு கட்ட வளையம் பதித்த இடம், எவனோ எப்போதோ அடித்துவிட்டு மறந்த திருகாணி. துளை போடும்போது ஃபைபரோடு சேர்ந்து பிளைவுட்டும் அறுபடுகிறது. அறுபட்ட மர விளிம்பு பச்சையாக நிற்கிறது. மேலே வாஷரும் கொஞ்சம் சிலிகானும். எஞ்சின் அதிர்வில் சிலிகான் ஒரு பருவம் தாங்கினால் அதிர்ஷ்டம். உள்ளே நுழைந்த தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை, ஏனென்றால் இரண்டு பக்கமும் ஃபைபர். தண்ணீரை வெளியே நிறுத்தத் தெரிந்த அதே தோலுக்கு உள்ளே நிறுத்தவும் தெரியும்.

கட்டுமரத்தில் இந்த நோய் கிடையாது. கரை ஏறியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப்போடுவார்கள். ஒரு மரம் கெட்டால் அந்த ஒன்றை மாற்றுவார்கள். கெட்டது கண்ணுக்குத் தெரியும். 1979இல் தொடங்கி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கிய ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம், கரையில் ஏறி இறங்கக்கூடிய புதுப் படகுகளைச் சோதித்தது. யாழ்ப்பாணத்தில் அதற்கு முன்பே நோர்வே உதவியோடு காரைநகரில் சீநோர் படகுத்தளம் ஃபைபர் படகு கட்டியது. நம் கரையில் ஃபைபர் படகு வெள்ளமாக வந்தது 2004 சுனாமிக்குப் பிறகு. மீனவருக்கு அது லாபம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் படகோடு சேர்த்து, நோயைத் தோலுக்குள் மறைத்து வைக்கும் ஒரு பொருளும் வந்தது. அதைப் பார்த்துப் பழகிய கண் யாருக்கும் இல்லை.

கண்டுபிடிப்பது கடினமில்லை. சுத்தியல் காம்பால் பலகை முழுவதும் தட்ட வேண்டும். நல்ல இடம் 'டங்' என்று சொல்லும், மக்கிய இடம் 'தொப்' என்று விழும். எஞ்சினைத் தூக்கிய நிலையில் பிடித்து ஆட்டும்போது பலகையும் சேர்ந்து அசைந்தால், மூலைகளில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால், போல்ட் ஓரம் பழுப்புத் தண்ணீர் கசிந்தால், மேலே விசாரிக்கத் தேவையில்லை. ஐயம் இருந்தால் உள்பக்கமாக 4 மில்லிமீட்டர் டிரில்லால் சில இடங்களில் மரம் வரை மட்டும் துளைத்துத் தூளைப் பார்க்கலாம். வெளிர் நிறத்தில் உலர்ந்து வந்தால் நல்லது; கறுத்து ஈரமாக வந்தால் கதை முடிந்தது. பார்த்த கையோடு அந்தத் துளைகளை அடைக்க வேண்டும், இல்லையென்றால் வைத்தியமே நோயாகும்.

சரி, மக்கிவிட்டது. முதல் பதில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் பதில்: தகடு. இரும்பு உருக்கி உருட்டும் ஆலைகள் நிறைந்த அந்தப் பக்கத்தில் எந்தக் கோளாறுக்கும் இரும்புதான் முதலில் நினைவுக்கு வரும். பின்பலகையின் உள்ளும் புறமும் ஒவ்வொரு தகடு, ஊடே எட்டு போல்ட், இறுக்கு. இதைக் கேலி செய்ய மாட்டேன். அழுத்தத்தைப் பரப்பும் வேலையைத் தகடு உண்மையாகவே செய்கிறது, மறுநாளே படகு கடலுக்குப் போகலாம். ஆனால் எட்டு போல்ட் என்றால் எட்டுப் புதிய துளை. எஞ்சினின் பிடி அலுமினியம், தகடு இரும்பு, நடுவே உப்புத்தண்ணீர். அலுமினியம் அரிபட இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. உள்ளே மரம் மேலும் கூழாக, போல்ட்டை இறுக்க இறுக்க இரண்டு தோலும் ஒன்றை நோக்கி ஒன்று குழியும். ஒரு பருவத்தை ஓட்ட இது போதும். பழுதுபார்த்தல் என்ற பேர் இதற்குத் தகாது.

இரண்டாவது, ஊசி வைத்தியம்: சிறு துளைகள் போட்டு நீர்த்த எபாக்சியை உள்ளே செலுத்துவது. ஈரத்தில் ஊறிய மரம் எபாக்சியைக் குடிக்காது, மக்கிய நாருக்கு எபாக்சி பலம் தராது, மிஞ்சிய ஈரம் நிரந்தரமாக உள்ளே பூட்டப்படும். உள்ளங்கை அளவு சேதத்துக்கு, நன்றாக உலர்த்திய பிறகு, ஒருவேளை உதவலாம். முழுப் பலகைக்கு இதைச் செய்வது வீண் செலவு.

மூன்றாவது வழி கேட்பதற்குக் கவர்ச்சியானது. பலகையின் மேல்விளிம்பை மட்டும் அறுத்துத் திறந்து, உள்ளே உள்ள மரத்தைச் சங்கிலி ரம்பத்தால் கிளறி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கெட்டியான ரெசின் கலவையை வார்ப்பது. அமெரிக்கப் படகுகளில் மேல்தளமும் பின்கட்டும் பலகையை மூடிக்கொண்டிருக்கும். எதையும் பிரிக்காமல் வேலையை முடிக்க இது தந்திரமான வழி. நம் படகு திறந்த படகு. பலகையின் முன்னால் போய் உட்கார்ந்து வேலை பார்க்க இடம் இருக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் தோல் சுத்தமாக இருக்கிறதா, கலவை இடைவெளியில்லாமல் இறங்கியதா என்று ஊகித்துக்கொண்டு வார்ப்பது எதற்கு? இல்லாத இடைஞ்சலுக்குச் சொன்ன தீர்வு அது.

மிஞ்சுவது பலகையையே மாற்றுவது. இதில் இரண்டு கட்சி. வெளித்தோலை அறுத்து வெளியிலிருந்து மாற்றலாம்; உள்தோலை அறுத்து உள்ளிருந்தும் மாற்றலாம். வெளியிலிருந்து செய்பவருக்கு நின்று வேலை பார்க்க வசதி, பலகையைப் பொருத்திப் பிடிக்க வசதி. ஆனால் படகின் அடியும் பக்கங்களும் பின்பலகையைச் சந்திக்கும் மூலைகளில்தான் முழு விசையும் போய்ச் சேர்கிறது. வெளித்தோலை அறுக்கும்போது அந்த மூலையைத் தொட்டுவிட்டால், அறுபட்ட ஃபைபரை மறுபடி இணைக்கப் பழைய தோலை அதன் கனத்தைப்போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும்: 5 மில்லிமீட்டர் தோலென்றால் 60 மில்லிமீட்டர். அந்தச் சரிவில் அவசரப்பட்டவர்களின் வேலை பிரிந்து வரும். உள்ளிருந்து செய்தால் படகின் வெளி வடிவமும் அந்த மூலையும் அப்படியே இருக்கும்; வெளித்தோலே அச்சாக நின்று புதுப்பலகையை ஏந்திக்கொள்ளும்; பக்கங்களிலும் அடியிலும் ஒரு சாண் அகலத்துக்குக் கண்ணாடி இழை மேட் ஏற்றி இணைக்கலாம். குனிந்து, முதுகு ஒடிய, ஃபைபர் தூசியில் வேலை பார்க்க வேண்டும் என்பது உண்மை. அந்தத் தூசி நுரையீரலுக்குப் பகை; துண்டை மூக்கில் கட்டினால் போதாது, முகமூடி வேண்டும், பிள்ளைகளைப் பக்கத்தில் விடக் கூடாது. இருந்தும் என் ஓட்டு உள்ளிருந்து செய்வதற்கே. திறந்த படகுக்கு இதில் இரண்டாம் கருத்து இல்லை என்றே நினைக்கிறேன்.

என்ன பலகை வைப்பது? பழைய மரம் மக்கியதால் மரமே வேண்டாம் என்று சொல்வோர் உண்டு. நெடுஞ்சாலையோர பிளைவுட் கடையில் இப்போது அதற்கு ஒரு பொருளும் காட்டுவார்கள்: சமையலறை அலமாரிக்கு விற்கும் பிவிசி போர்டு, டபிள்யூபிசி போர்டு. தண்ணீரே படாது, கரையான் வராது என்பார்கள். இரண்டும் உண்மை. ஆனால் தட்டு வைக்கும் அலமாரிக்கும் எஞ்சின் தொங்கும் பலகைக்கும் வேறுபாடு உண்டு. பிளைவுட்டின் விறைப்பு அந்த போர்டுகளில் கிடையாது. பிடியின் திருகை இறுக்கினால் நசுங்கும், நசுங்கியதால் எஞ்சின் தளரும், தளர்ந்ததால் மறுபடி இறுக்குவோம். பாலியெஸ்டர் ரெசினும் அதன்மேல் நம்பும்படி ஒட்டாது. மக்காத பொருள் என்ற ஒரே தகுதிக்காக பலமில்லாததை வைப்பது, மக்கும்வரை காத்திருக்கும் சிரமத்தை மிச்சப்படுத்துவதுதான்.

முழுக்க ஃபைபராகவே வார்த்துவிட்டால்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1.2 மீட்டர் அகலம், அரை மீட்டர் உயரம், 36 மில்லிமீட்டர் கனம் உள்ள பலகை பிளைவுட்டில் சுமார் 15 கிலோ. அதே அளவு மேட்டும் ரெசினுமாக ஏற்றினால் 32 கிலோவைத் தொடும். அதில் ரெசின் மட்டுமே 20 கிலோவுக்கு மேல். படகின் கடைசி முனையில் 17 கிலோ கூடுதல் எடை. அத்தனை கனத்தை ஒரேயடியாக ஏற்றினால் ரெசின் இறுகும்போது கிளம்பும் சூட்டில் வெடிப்பு விடும். அடுக்கடுக்காக நாள் விட்டு நாள் ஏற்ற வேண்டும். கெடாது என்பது உண்மைதான். ஆனால் ஒழுங்காக மூடிய பிளைவுட்டும் கெடாது, அது இதைவிட மலிவு, இலகு. கட்டுமானத்துக்கென்றே வரும் அடர்ந்த ஃபோம் பலகை நல்ல பொருள்தான், 9.9 குதிரைத்திறன் படகுக்கு அந்த விலை கட்டுப்படியாகாது.

ஆக பிளைவுட். எந்த பிளைவுட் என்பதில்தான் ஏமாற்று நடக்கும். கேட்க வேண்டியது ஐஎஸ் 710 முத்திரை. 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் அடுக்குகளின் பசை விடக் கூடாது என்பது அந்தத் தரத்தின் சோதனை. மரத்துக்கு மக்கல் தடுப்பு மருந்தேற்றவும் அது சொல்கிறது. ஐஎஸ் 303 முத்திரையுள்ள சாதாரணப் பலகையை 'வாட்டர்ப்ரூஃப்' என்று சொல்லித் தருவார்கள், வாங்கக் கூடாது. 710 முத்திரை இருந்தாலும் ஒரு ஓரத்தை அறுத்துப் பார்க்க வேண்டும். நடு அடுக்குகளில் பல் விழுந்த ஈறுபோல் இடைவெளி தெரிந்தால், முத்திரை எதுவாக இருந்தாலும் திருப்பிக் கொடுப்பதே நல்லது. இன்னொன்று: மரைன் பிளை என்றால் மக்கவே மக்காது என்ற நம்பிக்கையை விட்டுவிட வேண்டும். கொதிநீரில் தேறியது பசை. மருந்தேற்றிய மரத்துக்குக் கூடுதல் ஆயுள் உண்டு. வருடக்கணக்கில் தண்ணீரில் ஊறினால் அதுவும் தோற்கும்.

ரெசினுக்கு வருவோம், சண்டை பெரிதாக இருப்பது இங்கேதான். படகு கட்டப்பட்டது பாலியெஸ்டரில். பழுது பார்க்க எபாக்சியே சிறந்தது என்று படித்தவர்கள் சொல்வார்கள், சொல்வதில் நியாயம் உண்டு. மரத்திலும் பழைய ஃபைபரிலும் எபாக்சியின் பிடி பாலியெஸ்டரைவிட மேலானது. ஆனால் எபாக்சி பல மடங்கு விலை. நம் கடைகளில் கிடைக்கும் மேட்டின் இழைகளைப் பிணைத்திருக்கும் பசை பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீனில் கரைவதற்கென்று செய்யப்பட்டது. எபாக்சியில் சரியாகக் கரையாது, மேட் முரண்டு பிடிக்கும். எபாக்சிக்கு நூலால் தைத்த துணிதான் வேண்டும். பணம் போதாமல் பாதி எபாக்சி, அதன்மேல் பாதி பாலியெஸ்டர் என்று செய்வது எல்லாவற்றிலும் மோசம்: எபாக்சியின் மேல் பாலியெஸ்டர் ஒழுங்காக இறுகாமலும் பிடிக்காமலும் போகலாம். அதற்கும் மேலாக, பாலியெஸ்டரில் பழகிய கை எபாக்சியில் முதல் தடவை செய்யும் வேலை நல்ல வேலையாக இருக்கும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

என் தீர்ப்பு, படித்தவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டாலும், இது: பலகைக்கும் தோலுக்கும் நல்ல ஐசோ பாலியெஸ்டர், முடிந்தால் வினைல் எஸ்டர்; துளைகளுக்கு மட்டும் எபாக்சி. பழைய ஃபைபரைப் பளபளப்புப் போகும்வரை தேய்த்து, மரம் நன்றாக உலர்ந்திருந்து, முதலில் நீர்த்த ரெசினைப் பூசி மரத்துக்கு ஊட்டி, இரண்டு பிளைவுட்டுக்கும் நடுவே ரெசினில் நனைத்த 450 கிராம் மேட் ஒன்றையே பசையாக வைத்து அழுத்தி, உள்மூலைகளை வெறும் டால்க் பட்டியால் நிரப்பாமல் நறுக்கிய கண்ணாடி இழையும் ஏரோசில் பொடியும் கலந்த பட்டியால் வளைவாக நிரப்பி, அதன்மேல் மேட்டும் நெய்த ரோவிங்கும் மாற்றி மாற்றி ஏற்றினால், 9.9 குதிரைத்திறனுக்கு அந்த ஒட்டு போதும். வெயில் ஏறுவதற்கு முன் காலையில் வேலையைத் தொடங்க வேண்டும். மதியச் சூட்டில் வாளியிலேயே இறுகிவிடும் என்று பயந்து, ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்டை அரை சதவீதத்துக்குக் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். வெளியே காய்ந்தது போலத் தெரிந்து உள்ளே வேகாமல் நிற்கும். ரெசினில் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் ஒன்றோடொன்று நேராகக் கலந்தால் வெடிக்கும் என்பதைத் தெரியாத உதவியாளர் கையில் இரண்டு பாட்டிலையும் கொடுக்கவே கூடாது.

பணமும் கவனமும் போக வேண்டிய இடம் அந்தத் துளைகள். 12 மில்லிமீட்டர் போல்ட் என்றால் முதலில் 20 மில்லிமீட்டர்த் துளை போட்டு, ஏரோசில் கலந்து கெட்டியாக்கிய எபாக்சியால் முழுக்க அடைத்து, இறுகிய பிறகு அந்த அடைப்பின் நடுவே 12 மில்லிமீட்டரில் துளைக்க வேண்டும். இப்போது போல்ட்டைச் சுற்றி எபாக்சிச் சுவர் நிற்கிறது; சீலன்ட் தோற்றாலும் தண்ணீருக்கு மரம் அகப்படாது. வடிகால் துளைக்கும் இதே முறை. கால் கிலோ எபாக்சியில் ஒரு படகின் எல்லாத் துளைகளும் முடியும். விலையுயர்ந்த எபாக்சியில் முழுப் பலகையையும் மூடிவிட்டுக் கடைசியில் பச்சையாகத் துளை போட்ட படகைவிட, பாலியெஸ்டரில் செய்து துளைகளை இப்படி அடைத்த படகு நீண்ட நாள் நிற்கும். எஞ்சின் பிடி அமரும் இடத்தில் ஒரு கனத்த அலுமினியத் தகட்டை வைத்தால் திருகு ஃபைபரைக் கடிக்காது. தொழிற்பேட்டையின் தகடு இங்கேதான் தன் சரியான வேலையைச் செய்கிறது.

இந்தத் தீர்ப்புக்கு எல்லை உண்டு. 25, 40 குதிரைத்திறன் எஞ்சின் மாட்ட நினைப்பவருக்கு இது பொருந்தாது. அங்கே எபாக்சியும் தைத்த துணியும், பலகையைப் படகின் பக்கங்களோடு பிணைக்கும் முட்டுகளும் வேண்டும். பலகை புதிது என்ற தைரியத்தில் பெரிய எஞ்சினுக்குத் தாவுவது, பலகையை விட்டுவிட்டு அடிப்பாகத்தைக் கிழிக்கும். உள்தோலை அறுத்துத் திறந்த பிறகு, பின்முனையிலிருந்து ஒரு மீட்டர் தூரம் வரை அடிப்பாகத்தின் ஃபைபர் அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். அந்தப் படகுக்குச் செய்யும் செலவு மறு ஆண்டு கையைவிட்டுப் போகும். அப்படி நிறுத்துவதும் எளிதல்ல. மரப்படகு விறகாகும், இரும்புப் படகு உருக்காலைக்குப் போகும். செத்த ஃபைபர் படகை எரிக்கவும் முடியாது, உருக்கவும் முடியாது, கரையில் கவிழ்ந்தே கிடக்கும். காப்பாற்ற முடிந்த படகைக் காப்பாற்ற அதுவும் ஒரு காரணம்.

எப்போது செய்வது என்பது மிச்சம். மரம் உலர நல்ல காலம் சித்திரையும் வைகாசியும். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. சந்தையில் மீன் குறைந்து, கரையோரம் தொழில் செய்யும் சிறு படகின் மீனுக்கு விலை ஏறும் காலம் அதுதான். அந்த இரண்டு மாதத்தில் படகைக் கவிழ்த்துப் போடச் சொன்னால் எந்த மீனவரும் கேட்க மாட்டார், கேட்கவும் வேண்டாம். ஐப்பசி முதல் மார்கழி வரை காற்றே ஈரம். அப்போது திறந்த பலகை காயாது, ஏற்றிய ரெசினும் ஒழுங்காகப் பிடிக்காது. இரண்டுக்கும் நடுவே இருப்பது தை, மாசி. பொங்கல் முடிந்ததும் எஞ்சினைக் கழற்றி, பலகையைத் தட்டிப் பார்த்து, 'தொப்' என்று கேட்டால் அந்த வாரமே உள்தோலை அறுத்துவிட வேண்டும். பழைய மரத்தை முழுக்க எடுத்துப் படகை இரண்டு வாரம் வெயிலில் காய விட்டாலும், பங்குனிக் கடைசியில் படகு தண்ணீரில் இருக்கும்.